கிம் குன்-டே அரசியலில் தோற்றவரா?

‘தென்கொரியாவின் கிம் குன்-டே அத்தனை சித்திரவதைகளைத் தாங்கிய போராளி என்று படித்தேன். ஆனால் அரசியலுக்கு வந்த பிறகு, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அவருக்குக் கடைசி இடம்தான் கிடைத்திருக்கிறது. இவ்வளவு தியாகம் செய்தவரை மக்கள் ஏன் கைவிட்டார்கள்? அவருடைய அரசியல் வாழ்க்கை தோல்விதானா?’ என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தேர்தல்களில் அவர் ஏன் தோற்றார் என்பது ஒன்று. அதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. பட்ட துன்பத்துக்கு ஈடாக ஒருவருக்கு அதிகாரம் கிடைத்திருக்க வேண்டுமா என்பது மற்றொன்று. நண்பர் உண்மையில் கேட்பது இந்த இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை சொல்ல, அவர் வாழ்க்கையைச் சித்திரவதை நடந்த 1985-லிருந்து தொடங்காமல் கொஞ்சம் முன்னாலிருந்தே பார்க்க வேண்டும்.

கிழக்காசிய அரசியல் வரலாற்றைக் கல்லூரியில் நீண்ட காலம் கற்பித்தவன் நான். படிப்புக்காகச் சியோலில் சில ஆண்டுகள் தங்கியதும் உண்டு. கீழே சொல்லப்போகும் தேதிகளும் நிகழ்வுகளும் நீதிமன்ற வாக்குமூலங்களிலும் பொதுப் பதிவுகளிலும் உள்ளவை. அவற்றில் சந்தேகம் இல்லை. அவர் மனத்தைப் பற்றியும் வாக்காளர்களின் மனத்தைப் பற்றியும் நான் சொல்வது என் கணிப்பு. அந்த இடங்களில் ‘என் கணிப்பு’ என்றே சொல்லிவிடுகிறேன்.

1947-இல் சியோலுக்கு மேற்கே உள்ள புச்சொனில், ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். நாட்டிலேயே பெயர்பெற்ற கியோங்கி உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1965-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சேர்ந்தார். அந்த வழியில் போனவர்கள் வங்கியிலோ அமைச்சகத்திலோ பெரிய நாற்காலியில் அமர்வதுதான் வழக்கம். 1967 நாடாளுமன்றத் தேர்தலில் அதிபர் பார்க் சுங்-ஹீயின் அரசு முறைகேடு செய்தது என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது இவரும் வந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு ராணுவத்துக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்த பிறகு 1971-இல் சியோல் பல்கலைக்கழக மாணவர்கள் மீது அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ஒரு வழக்கு போடப்பட்டது. நண்பர்கள் பிடிபட்டார்கள், இவர் தப்பித் தலைமறைவானார். எழுபதுகளின் பெரும்பகுதியை இப்படி ஒளிந்துதான் கழித்தார். வேறு பெயரில் வேலை தேடி, தொழிற்சாலைகளில் உழைத்து, தொழில்நுட்பச் சான்றிதழ்கள் பல வாங்கி, தொழிலாளர்களோடு தொழிலாளியாக இருந்தார். 1979 அக்டோபர் 26 அன்று பார்க் சுங்-ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் வெளிச்சத்துக்கு வர முடிந்தது. தொழிலாளர் இயக்கத்தில் பழகிய இன் ஜே-குன்னைத் திருமணம் செய்துகொண்டார். இந்தப் பெண்மணியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் மீதிக் கதை இல்லை.

அடுத்து வந்த ராணுவத் தளபதி சுன் டூ-ஹ்வானின் ஆட்சி 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்களைச் சுட்டுத் தள்ளிய ஆட்சி. அதன் பிறகு மூன்றாண்டுகளுக்கு வெளிப்படையான எதிர்ப்பு அமைப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. 1983 செப்டம்பரில் ‘ஜனநாயக இயக்க இளைஞர் கூட்டமைப்பு’ தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் கிம் குன்-டே. தலைமறைவாக இயங்கப் பழகிய ஒருவர், பெயரையும் முகத்தையும் வெளியே காட்டி அமைப்பு நடத்த முன்வந்தார். அந்தக் காலத்தில் அது சிறைக்கு முன்பதிவு செய்துகொள்வது போன்றது. அந்த அமைப்பு தேர்ந்தெடுத்த சின்னம் தேரை. சினையுற்ற தேரை பாம்பின் வாயில் போய் மாட்டிக்கொள்ளும். பாம்பு தேரையின் நஞ்சால் சாகும். பாம்பின் உடலுக்குள்ளேயே தேரைக் குஞ்சுகள் பிறந்து வெளிவரும் என்பது கொரியர்களிடையே வழங்கும் கதை. முதலில் விழுங்கப்படப்போவது தாங்கள்தான் என்பதை அறிந்தே அந்தச் சின்னத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

1985 செப்டம்பர் 4 அன்று பாம்பு வாயைத் திறந்தது. கிம் கொண்டு செல்லப்பட்ட இடம் சியோலின் நம்யோங்-டோங் பகுதியில் இருந்த காவல்துறையின் கம்யூனிச எதிர்ப்பு விசாரணைக் கூடம். நான் அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறேன். கறுப்புச் செங்கல்லால் ஆனது. 1976-இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் கொரியாவின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களுள் ஒருவரான கிம் சூ-குன். பின்வாசலிலிருந்து ஒரு குறுகிய இரும்புச் சுழற்படி நேராக ஐந்தாம் மாடிக்கு ஏறுகிறது. கண்ணைக் கட்டி அதில் ஏற்றினால் எத்தனை மாடி ஏறினோம் என்பது தெரியாமல் போய்விடும். நான் கண் திறந்தபடி ஏறியே தலை சுற்றியது. ஐந்தாம் மாடியில் அறைக் கதவுகள் ஒன்றுக்கொன்று நேரெதிராக இல்லாமல் விலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எதிரறையில் யார் இருக்கிறார் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது. அந்த மாடியின் ஜன்னல்கள் மட்டும் ஒரு தலை நுழையாத அளவுக்கு ஒடுங்கியவை. இவ்வளவையும் உட்கார்ந்து யோசித்து, வரைபடத்தில் கோடு போட்டு, ஒருவர் ஒப்புதல் தந்திருக்கிறார் என்பதுதான் அங்கே என்னை மிகவும் உலுக்கியது.

கிம் வைக்கப்பட்ட அறை எண் 515. மாணவர் அமைப்புகளுக்குப் பின்னால் நின்று இயக்குவது தான்தான் என்றும், வடகொரியாவோடு தொடர்பு உண்டு என்றும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தேவை. ஒரு பலகையில் படுக்கவைத்துக் கட்டினார்கள். அந்தப் பலகைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘சில்சொங்பான்’. கொரியாவில் சவப்பெட்டியின் அடியில் பிணத்துக்குக் கீழே வைக்கும் பலகையின் பெயர் அது. முகத்தைத் துணியால் மூடித் தண்ணீர் ஊற்றினார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள். இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. அவரே விவரித்திருக்கிறார். அவர் விவரித்த விதம்தான் இங்கே முக்கியம்.

அந்த ஆண்டு டிசம்பரில் வழக்கின் முதல் விசாரணை நாளில் எழுந்து நின்று, நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னார். செப்டம்பர் 4 அன்று இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பிறகு 5, 6, 8, 10, 13, 20 ஆகிய நாட்களில் எந்தெந்த நாள் தண்ணீர், எந்தெந்த நாள் மின்சாரம் என்று பிரித்துச் சொன்னார். அலறல் வெளியே கேட்காமல் இருக்க வானொலியைச் சத்தமாக வைத்தார்கள் என்றும், அதில் அறிவிப்பாளர்கள் கவலையே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னார். சித்திரவதை செய்தவர்கள் நடுநடுவே தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்பதையும் சொன்னார். ஒருவர் மணம் முடித்துக் கொடுத்த மகள் எப்படி இருக்கிறாளோ என்று கவலைப்பட்டார். மற்றவர் மகன் உடற்திறன் தேர்வை நன்றாகச் செய்தானோ என்று கேட்டார். மின்சாரத்தைவிடவும் இதுதான் தன்னை மனிதர்கள் மேலேயே நம்பிக்கை இழக்கவைத்தது என்பது அவர் சொன்னதன் சாரம். அவ்வளவு வலியிலும் நாளையும் நேரத்தையும் மனத்துக்குள் குறித்துக்கொண்ட மனிதர் இவர். மிகைப்படுத்தவில்லை, தான் கடைசியில் உடைந்துபோய் அவர்கள் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டதையும் மறைக்கவில்லை. இந்தத் துல்லியத்தை மறந்துவிடாதீர்கள். பின்னாளில் அவர் செய்த ஒவ்வொரு பெரிய காரியத்திலும், பட்ட ஒவ்வொரு அடியிலும் இதே குணம் தெரிகிறது.

வெளியே செய்தி போனது எப்படி என்பது தனிக்கதை. செப்டம்பர் 26 அன்று அவரை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தபோது, இன் ஜே-குன் அங்கே காத்து நின்றார். கணவரோடு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான் கிடைத்தது. அந்த நேரத்தில் கிம் காலுறையை விலக்கிக் குதிகால் காயங்களைக் காட்டி, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். கேட்டதை இன் ஜே-குன் அப்படியே மனத்தில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்து, தேவாலயங்கள், எதிர்க்கட்சியினர், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் என்று எல்லோரிடமும் கொண்டு சேர்த்தார். சிறையில் கிம் தன் குதிகாலிலிருந்து உதிர்ந்த காயப் பொருக்குகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். சாட்சியமாக வழக்கறிஞர்களிடம் கொடுக்க முயன்றபோது சிறைக் காவலர்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள். தன் உடம்பிலிருந்து உதிர்ந்த பொருக்கைக்கூட ஆவணமாகப் பார்த்த அவர் மனத்தை நினைத்துப் பாருங்கள். 1987-இல் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே ராபர்ட் கென்னடி மனித உரிமை விருது வழங்கப்பட்டது. அது மிகச் சரியான முடிவு.

இதே கட்டடத்தின் 509-ஆம் அறையில்தான் 1987 ஜனவரி 14 அன்று சியோல் பல்கலைக்கழக மாணவர் பார்க் ஜோங்-சொல் தண்ணீர்ச் சித்திரவதையில் உயிரிழந்தார். மேஜையை ஓங்கித் தட்டியதும் ‘அக்’ என்று விழுந்து செத்துவிட்டார் என்று காவல்துறை சொன்ன விளக்கம் நாட்டையே கொதிக்கவைத்தது. அந்தக் கொதிப்பு ஜூன் மாதப் பேரெழுச்சியாக வளர்ந்து, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை மீட்டுத் தந்தது. அந்த மாணவரின் மரணத்தை மூடி மறைக்க முடியாமல் போனதில், பதிமூன்று மாதங்களுக்கு முன்பே அந்தக் கட்டடத்துக்குள் நடப்பதைத் தேதியோடு வெளியே சொன்ன கிம்மின் வாக்குமூலத்துக்குப் பங்கு உண்டா? உண்டு என்பது என் கணிப்பு. எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது.

கிம்முக்கு ஏழு ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஐந்தாகக் குறைந்து, 1988 ஜூன் மாதம் விடுதலை ஆனார். வெளியே வந்ததும் மறுபடி இயக்கம், 1990-இல் மறுபடி சிறை, 1992-இல் விடுதலை. ஆக, கொரியாவில் ராணுவ ஆட்சி முடிந்து தேர்தல் ஜனநாயகம் வந்த பிறகும் அவர் சிறையில் இருந்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1995-இல் எதிர்க்கட்சியில் சேர்ந்து, பின்னாளில் அதிபரான கிம் டே-ஜுங்கின் புதிய கட்சிக்குப் போய், 1996 பொதுத்தேர்தலில் வட சியோலின் தோபோங் தொகுதியிலிருந்து வென்றார். அதே தேர்தலில் அவருடைய பழைய தோழர்கள் சிலர் எதிர்த்திசையில் போனார்கள். தொழிலாளர் இயக்கத்தில் பெயர்பெற்ற கிம் மூன்-சூவும், பலமுறை சிறை சென்ற லீ ஜே-ஓவும் ஆளுங்கட்சியான பழமைவாதக் கட்சியின் வேட்பாளர்களாக நின்று வென்றார்கள். போராளிகள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நாம் தூரத்திலிருந்து நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. கிம் குன்-டே தான் வந்த பாதையின் தொடர்ச்சியாகவே கட்சியைத் தேர்ந்தெடுத்தார். அதில் வசதியைப் பார்க்கவில்லை. 2000, 2004 தேர்தல்களிலும் அதே தொகுதி அவரைத் திரும்ப அனுப்பியது. ‘மக்கள் கைவிட்டார்கள்’ என்று கேள்வியில் இருக்கிறதே, தோபோங் மக்கள் பன்னிரண்டு ஆண்டுகள் கைவிடவில்லை.

இப்போது 2002-க்கு வருவோம், நண்பர் குறிப்பிட்ட கடைசி இடத்துக்கு. கிம் டே-ஜுங்கின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், ஆளுங்கட்சி முதன்முறையாகப் பொதுமக்களும் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தலை அறிவித்தது. ஊர் ஊராக நடக்கும். ஏழு பேர் போட்டி. தேர்தல் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, மார்ச் மாதத் தொடக்கத்தில், கிம் குன்-டே செய்தியாளர்களை அழைத்து ஒரு விஷயம் சொன்னார். 2000-இல் கட்சியின் உயர்மட்டக் குழுவுக்கு நடந்த தேர்தலில் தான் சட்ட வரம்புக்கு மேல் செலவழித்ததாகவும், கட்சியின் மூத்த தலைவர் ஒருவரிடமிருந்து 2 கோடி வோன் உட்படக் கணக்கில் காட்டாத பணம் வாங்கியதாகவும் ஒப்புக்கொண்டார். யாரும் குற்றம் சாட்டியிருக்கவில்லை. விசாரணை எதுவும் அவரைத் துரத்தவில்லை. கட்சிக்குள் பணம் எப்படிப் புழங்குகிறது என்று பேச வேண்டுமானால் தன் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

விளைவு என்ன? மார்ச் 9 ஜேஜு தீவில் 16 வாக்குகள். மறுநாள் உல்சானில் 10 வாக்குகள். இரண்டிலும் கடைசி. மார்ச் 12 அன்று போட்டியிலிருந்து விலகினார். பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டதற்காகச் சட்டப்படி அவர் மீது வழக்கும் நடந்தது.  இந்த ஒப்புதல் வாக்குமூலம்தான் அவரைத் தோற்கடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். நான் முழுதாக உடன்படவில்லை. அதற்கு முன்பிருந்தே கருத்துக்கணிப்புகளில் அவர் பின்தங்கித்தான் இருந்தார். ஒப்புதல் அவரை மேலும் கீழே தள்ளியிருக்கலாம். முதலிடத்திலிருந்து கீழே இழுக்கவில்லை.

பிறகு ஏன் தோற்றார்? என் கணிப்பு இது. அந்தத் தேர்தல் ஒரு புதிய மேடை. அதில் வென்ற ரோ மூ-ஹியுன் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பை முடித்து, தானே படித்து வழக்கறிஞர் ஆனவர். தோற்போம் என்று தெரிந்தே, எதிரணியின் கோட்டையான பூசானில் நின்று தோற்றவர். கூட்டத்தின் முன் நின்றால் பேச்சு அவரிடமிருந்து ஊற்றெடுக்கும். கிம் குன்-டே பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் எடைபோட்டுத்தான் வெளியே விடுவார். ஒரு பக்கத்தைச் சொன்னால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட மாட்டார். நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சிக்கு அது பெரும் பலம். மூன்று நிமிடத்தில் ஒரு கூட்டத்தை எழுந்து நிற்கவைக்க வேண்டிய வேட்பாளருக்கு அது பெரும் சுமை. போதாததற்கு உடம்பும் ஒத்துழைக்கவில்லை. சித்திரவதைக்குப் பின் அவர் நடையும் பேச்சும் மெதுவாகிவிட்டன. முகத்தில் உணர்ச்சி எளிதில் ஓடாது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது உற்சாகமின்மையாகவே தெரிந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. அவர் தன் காயங்களைக் காட்டி வாக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். 2002-இல் வாக்களித்த இளைஞர்களுக்கு 1985 என்பது சிறுவயது நினைவு. பலருக்கு அதுவும் இல்லை.

2003 நவம்பரில் பிறந்த, ரோவுக்கு ஆதரவான உரி கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவரானார். ‘உரி’ என்றால் கொரிய மொழியில் ‘நம்’ என்று பொருள். 2004 மார்ச் 12 அன்று எதிர்க்கட்சிகள் அப்போது அதிபராக இருந்த ரோ மூ-ஹியுன் மீது பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியபோது அவையில் எதிர்த்து நின்ற அணிக்குத் தலைமை தாங்கியவர் இவர். மக்கள் கோபம் வாக்காக மாறியது. ஐம்பதுக்கும் குறைவான இடங்களோடு இருந்த கட்சி ஏப்ரலில் 299-இல் 152 இடங்களைப் பிடித்தது. அவருடைய அரசியல் வாழ்வின் உச்சம் அந்த இளவேனில்தான்.

உச்சத்தில் இருந்தபோது அவர் என்ன செய்தார் என்பதுதான் நண்பரின் கேள்விக்கு நேரான விடை. அந்தத் தேர்தலில் கட்சி ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தது: பொதுத்துறை கட்டும் அடுக்குமாடி வீடுகளின் உண்மையான கட்டுமானச் செலவை வெளியிடுவோம் என்று. வீடு வாங்க வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் கொரியக் குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. வென்ற பிறகு, வியாபாரத்தில் அப்படிச் செலவை வெளியிட முடியாது என்று ரோ பின்வாங்கினார். 2004 ஜூனில் கிம் பகிரங்கமாகச் சொன்னார்: பதவிச் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டு விவாதிப்போம் என்று. ராணுவத்தில் பணியாற்றிய ஒவ்வொரு கொரியருக்கும் அந்தச் சொல்லின் கூர்மை தெரியும். அமைச்சர் பதவி கைக்கு வரவிருந்த வாரங்களில், தன்னை நியமிக்கப்போகும் அதிபரிடம் அவர் சொன்ன சொல் அது. ரோவுக்கு வருத்தம் ஏற்பட்டது. இருவர் உறவும் அதன் பிறகு முழுதாகச் சீராகவில்லை. ஆனால் இரண்டாண்டு கழித்து, 2006 செப்டம்பரில், செலவை வெளியிடும் பக்கத்துக்கு ரோவே வந்து சேர்ந்தார்.

ஜூலையில் சுகாதார நல அமைச்சரானார். அந்த ஆண்டு நவம்பரில் பொருளாதார அமைச்சகம் ஒரு பெருந்திட்டம் கொண்டுவந்தது. மக்கள் ஓய்வூதிய நிதியின் பணத்தை எடுத்துப் பெரிய கட்டுமானங்களில் முதலீடு செய்து பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துவது என்பது அதன் ஒரு பகுதி. அந்த நிதிக்குப் பொறுப்பான அமைச்சர் கிம். இது மக்கள் முதுமைக்காகச் சேர்த்துவைக்கும் பணம், எங்கே போடுவது என்று பொருளாதார அமைச்சகம் தீர்மானிக்கக் கூடாது என்று அமைச்சரவைக்குள் இருந்துகொண்டே வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அடுத்த அதிபர் தேர்தலுக்காக விளம்பரம் தேடுகிறார் என்று ஏசினார்கள். அந்த நோக்கம் கொஞ்சமும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அரசியல்வாதியாக இருந்தவர், அதிபராக ஆசைப்பட்டவர். ஆனாலும் அவர் சொன்ன விஷயம் சரி, சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவரும் அவர்தான்.

அமைச்சராக இருந்தபோதுதான், 2005 பிப்ரவரியில், யோஜு சிறைக்குப் போய் லீ குன்-ஆனைப் பார்த்தார். 515-ஆம் அறையில் மின்சாரத்தைப் பாய்ச்சிய அதிகாரி. 1988 இறுதியிலிருந்து பதினொரு ஆண்டுகள் போலீசாருக்கே தண்ணி காட்டி, பெரும்பாலும் தன் வீட்டிலேயே ஒளிந்திருந்து, 1999-இல் சரணடைந்து, வேறொருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் ஏழாண்டு தண்டனை பெற்றவர். அவர் மன்னிப்புக் கேட்டார். கிம் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த மன்னிப்பு உள்ளத்திலிருந்து வந்ததா என்று தனக்குத் தெரியவில்லை என்பதையும் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நாடே கொண்டாடியிருக்கும். மனத்தில் உறுதியாக இல்லாத ஒன்றைச் சொல்ல அவருக்கு வரவில்லை. லீ வெளியே வந்து 2008-இல் பாதிரியார் ஆனார். விசாரணையும் ஒரு கலை என்கிற பொருளில் பேட்டி கொடுத்தார். கிம் இறந்த பிறகு எழுந்த கண்டனத்தில் 2012-இல் அந்தப் பாதிரியார் பட்டம் பறிக்கப்பட்டது. சந்தேகப்பட்டவர் தவறாகச் சந்தேகப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. 2006 உள்ளாட்சித் தேர்தலில் பதினாறு பெரிய பதவிகளில் ஒன்றை மட்டும் வென்று கட்சி தரைமட்டமானபோது, தலைவர் பொறுப்பை ஏற்றார். தொழில் நிறுவனங்கள் முதலீடு செய்து வேலை தந்தால் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவோம் என்று ஒரு பேரத்தை முன்வைத்தார். தொழிலதிபர்கள் அசையவில்லை, அவருடைய பழைய தோழர்களோ மனம் நொந்தார்கள். அந்த அக்டோபரில் வடகொரியா அணுகுண்டு சோதித்த பதினோராம் நாள், இரு கொரியாக்களின் கூட்டுத் தொழிற்பேட்டையான கேசொங்குக்குப் போனார். பேட்டையை மூடிவிடக் கூடாது என்று காட்டுவதற்காகப் போன பயணம். மதிய உணவின்போது அங்கிருந்த பெண்கள் மேடைக்கு இழுக்க, சில நொடி ஆடிவிட்டார். மறுநாள் நாளிதழ்களில் பயணத்தின் நோக்கம் காணாமல் போய், ஆட்டம் மட்டும் இருந்தது. மரியாதைக்கு மறுக்க முடியாமல் ஆடிய மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். கட்சித் தலைவர் செய்த பிழை அது என்பதையும் மறுக்க மாட்டேன். 2007 மார்ச்சில் அமெரிக்காவுடனான தடையற்ற வணிக ஒப்பந்தத்தை எதிர்த்து நாடாளுமன்றத்திலேயே உண்ணாவிரதம் இருந்தார். ஜூனில், சிதறிக் கிடந்த அணிகள் ஒன்றுசேர வழிவிடுவதாகச் சொல்லி, அதிபர் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். அணிகள் சேர்ந்தும் பயனில்லை. அந்த டிசம்பரில் பழமைவாதக் கட்சியின் லீ மியுங்-பாக் பெரும் வித்தியாசத்தில் வென்றார்.

2008 ஏப்ரலில் தோபோங்கிலும் தோற்றார், மிகக் குறைந்த வித்தியாசத்தில். அந்தத் தேர்தலில் சியோல் முழுவதும் ‘புதுநகரம்’ என்ற சொல்தான் ஒலித்தது. பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிய அடுக்குமாடிகள் கட்டுவோம், வீட்டு விலை ஏறும் என்ற வாக்குறுதி. 48 தொகுதிகளில் 40-ஐப் பழமைவாதக் கட்சி அள்ளிச் சென்றது. வீட்டின் உண்மை விலையைச் சொல்லுங்கள் என்று கேட்டவர், வீட்டு விலை ஏறும் என்ற நம்பிக்கை அலையில் தோற்றார்.

அதன் பிறகு உடல்நிலை வேகமாகக் குலைந்தது. பார்கின்சன் நோயும் அவருக்கு இருந்தது. சித்திரவதையால்தான் அது வந்ததா? நான் மருத்துவன் அல்ல. ஒருவருக்கு அந்த நோய் வந்த காரணத்தை இதுதான் என்று சுட்டுவது மருத்துவர்களுக்கே கடினம். ஆனால் சில விஷயங்களில் ஐயமில்லை. இருபது ஆண்டுகள் கழிந்தும் பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியில் அவரால் படுக்க முடியவில்லை. மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் விளக்கும் கருவியும் வரும் அந்த நிலை அவரை மறுபடியும் அந்தப் பலகைக்குக் கொண்டுபோனது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் வந்தால் உடம்பு நோவு கண்டது. 2011 நவம்பர் இறுதியில் மூளை ரத்தக் குழாய் அடைப்புடன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். டிசம்பரில் நடந்த மகளின் திருமணத்துக்கு அவரால் போக முடியவில்லை. டிசம்பர் 30 அன்று, 64 வயதில், காலமானார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் இணையத்தில் எழுதிய கடைசிக் கட்டுரையில் தன் நோயைப் பற்றி ஒரு வரி இல்லை. 2012-இல் இரண்டு தேர்தல்கள் வருகின்றன, பங்கேற்பவர்கள்தான் அதிகாரத்தை உருவாக்குவார்கள், போய்ப் பங்கெடுங்கள் என்றுதான் எழுதியிருந்தார். அந்த ஏப்ரலில் அதே தோபோங் தொகுதியில் இன் ஜே-குன் நின்று வென்றார். அதற்கடுத்த இரண்டு தேர்தல்களிலும் வென்றார்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: தேர்தல் கணக்கைப் பார்த்தால், அதிபர் பதவிக்கான ஓட்டத்தில் அவர் தோற்றவர்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை. மக்கள் அவருக்கு அதிபர் பதவியைக் கடன்பட்டிருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. நினைத்திருந்தால் 2002-இல் தன் கணக்குப் புத்தகத்தைத் தானே திறந்திருக்க மாட்டார். 1985 டிசம்பரில் நீதிமன்றத்தில் தேதி தேதியாகச் சொன்ன அதே மனிதர்தான் 2002-இல் வோன் வோனாகவும், 2004-இல் வீட்டுச் செலவைப் பற்றியும் ஓய்வூதியப் பணத்தைப் பற்றியும் பேசினார். முதல் தடவை அதற்குச் சிறை கிடைத்தது, அடுத்த தடவைகளில் தோல்வியும் மனக்கசப்பும் கிடைத்தன.

1985 வழக்கில் அவர் மீது சுமத்தப்பட்ட தேசப் பாதுகாப்புச் சட்டக் குற்றச்சாட்டுகளிலிருந்து 2014 மே மாதம் சியோல் உயர் நீதிமன்றம் மறுவிசாரணையில் அவரை விடுவித்தது. சித்திரவதையால் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்பதே அடிப்படை. நம்யோங்-டோங் கட்டடம் காவல்துறையின் கையிலிருந்து போய், 2025 ஜூன் 10 அன்று ஜனநாயக இயக்க நினைவகமாகத் திறக்கப்பட்டது. எப்போதாவது சியோல் போனால், மெட்ரோவின் முதல் தடத்தில் நம்யோங் நிலையத்தில் இறங்கி, உடனே வெளியேறாமல் நடைமேடையிலேயே சற்று நில்லுங்கள். வெகு அருகில் அந்தக் கறுப்புச் செங்கல் கட்டடம் தெரியும். ஐந்தாம் மாடி ஜன்னல்கள் மட்டும் ஒடுக்கமாக இருக்கும். 1985 செப்டம்பரிலும் அந்த நடைமேடையில் மக்கள் வேலைக்குப் போக ரயிலுக்காக நின்றிருந்தார்கள்.